காட்டுக்குள் ஒரு நிரை

கிவிப்பழத் தோட்டத்துக்குள் நுழைந்தால் வானம் மறைந்துவிடும். ஆள் உயரத்துக்குக் கம்பிப் பந்தல் போட்டு அதன்மேல் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். பழம் தலைக்கு மேலே தொங்கும். நெஞ்சின்மேல் பையை மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் உயர்த்தி, காம்பு கொடியிலேயே நின்றுவிடும்படி பழத்தை மட்டும் ஒடித்துப் பைக்குள் விட வேண்டும். காம்போடு வந்த பழம் பக்கத்துப் பழத்தைக் குத்திக் கெடுத்துவிடும். நகம் படாமலிருக்கக் கையுறை. பை நிறைந்ததும் நிரைக்கு நடுவே நிற்கும் பெரிய மரப்பெட்டியில் மெதுவாகக் கொட்ட வேண்டும். மாலையில் கூலி பெட்டிக் கணக்கில்தான். ஒரு கூட்டமாக எத்தனை பெட்டி நிரப்பினோமோ அதைத் தலைக்குப் பங்கு போடுவார்கள்.

2018 மார்ச்சில் நியூசிலாந்தின் வடக்குத் தீவில், தே புக்கே என்ற சிறு நகரத்தைச் சுற்றியிருந்த பந்தல்களுக்குக் கீழே அந்த வேலையைத் தொடங்கினேன். மலேசிய இளையோருக்கு அந்த நாடு ஆறு மாத வேலை விடுமுறை விசா தருகிறது. ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் முன் கையில் கொஞ்சம் பணம் சேர்க்க வேண்டும், ஊரும் பார்க்க வேண்டும் என்று நானும் சித்தியவானைச் சேர்ந்த என் தோழியும் கிளம்பியிருந்தோம். அந்த ஆண்டு மே மாதம் பே ஆஃப் பிளெண்டி வட்டாரத்தில் பழம் பறிக்க ஆளில்லை என்று அரசாங்கமே பற்றாக்குறை அறிவித்தது. எங்களோடு வனுவாட்டு, சாமோவா தீவுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள், சிலி நாட்டு மாணவர்கள், அந்த ஊரிலேயே குடியேறி நிலம் வாங்கிவிட்ட பஞ்சாபிக் குடும்பங்கள் எல்லாரும் இருந்தார்கள். தே புக்கேயில் குருத்துவாரா உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கிடைத்த பருப்பும் ரொட்டியும் எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

பழம் ஈரமாக இருந்தால் பறிக்கக் கூடாது என்பது அங்கே கட்டாய விதி. இரவு மழை பெய்தால் காலையில் செய்தி வரும்: இன்று வேலை இல்லை. இதைப் பாட்டியிடம் தொலைபேசியில் சொன்னபோது அவருக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது.

“மழ பேஞ்சா வேல இல்லியா? அப்ப நம்ம பால்மரம் மாதிரிதான் ஆயி.”

பாட்டி கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர் எஸ்டேட் லயத்தில் பிறந்து, பத்து வயது தாண்டுவதற்குள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போனவர். பட்டை நனைந்தால் பால் கோட்டில் நிற்காமல் வழிந்து வீணாகும்; அதனால் மழை நாளில் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. அவருடைய அடுத்த கேள்வி, “யாரு உனக்கு நிரை பிரிச்சுக் குடுக்கிறது? கங்காணி நல்லவனா?” என்பது. எங்கள் மேற்பார்வையாளர் ஒரு பஞ்சாபி ஆன்ட்டி என்றும், நல்லவர் என்றும் சொன்னேன். பாட்டிக்கு நிம்மதி.

இரண்டு பயிருமே அந்தந்த மண்ணுக்கு அயல். 1904-ல் இசபெல் பிரேசர் என்ற பள்ளித் தலைமையாசிரியை சீனாவிலிருந்து கொண்டுவந்த விதைகளிலிருந்து வந்ததுதான் நியூசிலாந்துக் கிவி. பிரேசிலிலிருந்து 1876-ல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளிலிருந்து வந்ததுதான் மலாயா ரப்பர். இரண்டுக்காகவும் காடு வெட்டப்பட்டது. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குக் காடு என்றால் எஸ்டேட் எல்லைக்கு அப்பால் இருப்பது. யானை வருவது, காய்ச்சல் வருவது, அழிக்க வேண்டியது. பார்க்கப் போகும் இடமாக அதை யாரும் நினைத்ததில்லை. மலேசியாவின் தேசியப் பூங்காவான தாமான் நெகாரா எங்கள் வீட்டிலிருந்து சில மணிநேரப் பயணம்தான். அதற்கு ஒருவரும் போனதில்லை.

ஜூன் தொடக்கத்தில் பந்தல்கள் காலியாயின. கவாத்து வேலைக்கு நிற்கிறீர்களா என்று கேட்டார்கள். நல்ல கூலி, குளிர்காலம் முழுக்க இருக்கும். பெரும்பாலோர் நின்றார்கள். மாதக்கணக்கில் அந்த நாட்டை நாங்கள் பழமாகவும் பெட்டியாகவும் மட்டுமே பார்த்திருந்தோம்; ஒன்றுமே விளையாத, ஒன்றையும் பறிக்கக் கூடாத நிலத்தில் கொஞ்ச நாள் நடக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. நியூசிலாந்தில் 13 தேசியப் பூங்காக்கள். எல்லாவற்றையும் பார்க்கும் எண்ணமில்லை. பழைய நிசான் கார் ஒன்றைப் பாதிப் பாதி போட்டு வாங்கினோம்.

கிளம்புவதற்கு முன், தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய அக்கா ஒருவரிடம், முதலில் உங்கள் பக்கத்து தே ஊரெவெரா பூங்காவுக்குப் போகலாமா என்று யோசிக்கிறோம் என்றேன். அவர் மாவோரிகளில் தூஹோயி இனத்தவர். வேலையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். அது இப்போது பூங்கா இல்லை, என்றார். 1954-ல் அரசு அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தூஹோயி மக்களை யாரும் கேட்கவில்லை. அதற்கு முன்பே நிலப் பறிப்பும் போரும் நடந்திருந்தன. 2014-ல் தனிச் சட்டம் வந்தது. இப்போது தே ஊரெவெரா அரசின் சொத்தும் இல்லை, யாருடைய சொத்தும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அது தனக்குத்தானே உரிமையுள்ள ஓர் ஆள். அதற்காகப் பேச ஒரு குழு இருக்கிறது. “விருந்தாளியாகப் போங்கள்” என்றார் அக்கா.

அங்கே நாங்கள் ஒரே ஒரு நாள்தான் இருந்தோம்; வைகரேமோனா ஏரிக் கரையில் மூடுபனியைத் தவிர அதிகம் தெரியவில்லை. ஆனால் அந்த அக்கா சொன்னதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லா இடத்தையும் பார்த்தேன்.

தொங்காரிரோவில் அது உடனே உதவியது. நாட்டின் முதல் தேசியப் பூங்கா அது. 1887 செப்டம்பரில் ங்காத்தி தூஃபாரெதோவா மக்களின் தலைவர் ஹோரோனுக்கு தே ஹெயுஹெயு தூக்கினோ, தம் மக்கள் புனிதமாகக் கருதிய எரிமலைச் சிகரங்களை அரசிடம் ஒப்படைத்தார். நிலம் துண்டு துண்டாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். சிகரமும் அப்படிப் போய்விடக் கூடாது என்பது அவர் கவலை. 1894-ல் பூங்காச் சட்டம் வந்தது. இதைக் கொடை என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மாவோரி மக்களின் முறையீடுகளை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயம் 2013-ல் வெளியிட்ட அறிக்கை, அது முழுதாகக் கைகழுவிக் கொடுத்த கொடை அல்ல, இருவரும் சேர்ந்து காப்போம் என்ற அழைப்பு என்று சொன்னது. எனக்கு அந்த அறிக்கையே சரியென்று படுகிறது. தாயைக் காப்பாற்ற ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுபவர், தாயைக் கொடுத்துவிட்டதாக ஆகுமா?

குளிர்காலத்தில் தொங்காரிரோ கணவாயைக் கடக்கக் காலில் இரும்பு முள் பூட்டி, பனிக்கோடரி பிடித்து, வழிகாட்டியோடு போக வேண்டும். நாங்கள் போன வாரம் காற்று அதற்கும் இடம் கொடுக்கவில்லை. ஃபகபாப்பா கிராமத்திலிருந்து தரனாக்கி அருவி வரை போகும் சிறு பாதையில் நடந்தோம். பழுப்புப் புல்வெளி, அதற்கப்பால் ருவாப்பெஹூ, இடுப்புக்குக் கீழ்வரை வெள்ளை. பனியை முதன்முதலாகக் கையில் எடுத்தது அந்தப் பாதையில்தான். தோழி அதை வாயில் போட்டுப் பார்த்தாள். அந்த மலையின் உச்சியில் சூடான ஏரி ஒன்று இருக்கிறது. 1953 கிறிஸ்துமஸ் முந்தின இரவு அது உடைத்துக்கொண்டு கீழே பாய்ந்து, தங்கிவாய் ரயில் பாலத்தை அடித்துப் போனது. அடுத்த சில நிமிடங்களில் வந்த ரயில் ஆற்றில் விழுந்து 151 பேர் இறந்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் அவர்களுக்கு நினைவிடம் உண்டு. அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் தெற்கே போனோம்.

ஆபெல் டாஸ்மன் பூங்காவைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும்.

தெற்குத் தீவின் வட முனையில் இருக்கும் இது நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்கா. 1642-ல் டச்சு மாலுமி ஆபெல் டாஸ்மன் இந்தக் கடல்பக்கம் வந்தார். முந்நூறு ஆண்டு கழித்து, 1942-ல், பெரின் மொன்கிரீஃப் என்ற பெண்மணி விடாமல் போராடியதன் பலனாகப் பூங்கா பிறந்தது. பொன்மணல் கரை, பச்சைக் கடல், மேலே காடு. படங்களில் பார்த்தால் மனிதக் கையே படாத இடம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு மாரஹவ் ஊரில் காரை நிறுத்தினேன். அந்த ஆண்டு பிப்ரவரியில் வீசிய கீட்டா புயலின் மண்சரிவுத் தழும்புகள் மலைகளில் அப்போது இன்னும் ஆறியிருக்கவில்லை.

பார்க் பே குடிலில் ஓர் இரவு தங்கினோம். இயற்கைப் பாதுகாப்புத் துறையின் குடில்: மரக்கட்டில், மெத்தை, ஓர் அடுப்பு, குடிநீர்த் தொட்டி. அடுப்பை மூட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற தச்சர், காட்டில் பொறி பார்க்க வந்த தொண்டர் என்று தெரிந்தது. நாங்கள் கிவித் தோட்டத்தில் வேலை செய்தோம் என்றதும் அவருக்குப் பிடித்துவிட்டது. மறுநாள் காலை, கணக்கெழுத ஆள் வேண்டும், வருகிறீர்களா என்றார்.

பாதையிலிருந்து விலகி, மரங்களில் ஆணியடித்த இளஞ்சிவப்பு முக்கோணங்களைப் பார்த்துக்கொண்டே மேலே ஏறினோம். சற்றுத் தூரத்துக்கு ஒன்றாக மரப்பெட்டிகள். ஒவ்வொன்றின்மேலும் எண். மூடியைத் திறந்தால் கம்பி வலைத் தடுப்புக்குப் பின்னால் இரும்புப் பொறியும் அதற்குப் பின்னால் ஒரு கோழிமுட்டையும். சில பெட்டிகளில் எலி கிடந்தது. ஒன்றில் ஸ்டோட், கீரியைவிடச் சின்ன உடம்பு, பழுப்பு முதுகு, வெளுத்த வயிறு. பெரியவர் அதை எடுத்துப் புதருக்குள் போட்டுவிட்டுப் பொறியைத் துடைத்து, முட்டையை மாற்றி, மீண்டும் பூட்டினார். நான் குறிப்பேட்டில் பெட்டி எண், விழுந்தது என்ன, வைத்த இரை என்ன என்று எழுதினேன்.

மனிதர் வருவதற்கு முன் அந்தத் தீவுகளில் வௌவாலைத் தவிரத் தரைப் பாலூட்டி கிடையாது. பறவைகள் பயமில்லாமல் தரையில் கூடு கட்டின, சில பறக்கவும் மறந்தன. குடியேறிய வெள்ளையர் முயலைக் கொண்டுவந்தார்கள். முயல் பெருகி மேய்ச்சலை அழித்தது. அதைப் பிடிக்க 1880-களில் ஸ்டோட்டைக் கொண்டுவந்தார்கள். ஸ்டோட்டுக்கு முயலைவிட முட்டையும் குஞ்சும் எளிதாகக் கிடைத்தன. அந்தக் கணக்கைத்தான் இந்தப் பெரியவர் போன்றவர்கள் பெட்டி பெட்டியாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2012 முதல் பிராஜெக்ட் ஜான்ஸூன் என்ற அறக்கட்டளை அந்தப் பூங்கா முழுக்க இந்த வேலையை எடுத்துச் செய்கிறது.

ஓரிடத்தில் பெரியவர் நின்று, கீழே விரிந்த சரிவைக் காட்டினார். மெல்லிய தண்டுள்ள கானுகா மரங்கள் ஒரே உயரத்தில் அடர்ந்திருந்தன. “இதெல்லாம் ஒரு காலத்தில் எரித்துப் புல் போட்ட பண்ணை” என்றார். மரம் வெட்டிக் கப்பல் கட்டினார்கள், கருங்கல் உடைத்தார்கள், பட்டை உரித்தார்கள், ஆடு மாடு மேய்த்தார்கள். நிலம் மெலிந்து பண்ணைகள் கைவிடப்பட்டபின், கானுகா முதலில் வந்தது. அதன் நிழலில் மற்ற மரங்கள் மெதுவாக எழும்புகின்றன.

அந்தச் சரிவை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டிய காடு வெட்டியதுதான், அங்கே இனி ரப்பர், ரப்பருக்குப் பின் செம்பனை, செம்பனைக்குப் பின் வீடமைப்புத் திட்டம் என்ற ஒரே திசையைத்தான் என் ஊரில் பார்த்திருந்தேன். நிலம் எதிர்த்திசையிலும் போகும் என்பதைக் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். ஆனால் அது தானாகப் போவதில்லை. மழை நாளிலும் முட்டையைச் சுமந்துகொண்டு யாரோ நிரை பார்க்க வேண்டியிருக்கிறது. குடிலின் கழிவறைத் தொட்டியை யாரோ காலி செய்கிறார்கள். சதுப்பில் பலகைப் பாதையை யாரோ அடிக்கிறார்கள். கூலிக்கு வேலை செய்து முடித்து வந்த கண்ணுக்கு அதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. காட்டுக்கு வந்ததால் வேலையை விட்டு விலகி வந்துவிட்டதாக அதற்குப் பிறகு எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று மாலை கழிமுகத்தில் நீர் வற்றியதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குறுக்கே நடந்தோம். அவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் நான் கால் வைத்ததில்லை.

அடுத்துப் போன ஆர்தர்ஸ் பாஸ் பூங்காவில் கீயா வந்தது. உலகில் உயர்மலையில் வாழும் ஒரே கிளியினம். ஆலிவ் பச்சை, இறக்கைக்கடியில் நெருப்பு நிறம். எங்கள் காரின் ஜன்னல் ரப்பரை அது ஒரு கைதேர்ந்த ஆளைப்போல் நிதானமாக உரித்தெடுத்ததைத் தடுக்க மனம் வரவில்லை. ஆடுகளைக் கொத்துகிறது என்று 1860-களில் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் கீயாவின் தலைக்குப் பணம் கொடுத்தார்கள். அப்படிக் கொல்லப்பட்டவை ஒன்றரை லட்சம் இருக்கும் என்பது மதிப்பீடு. 1986-ல்தான் முழுப் பாதுகாப்பு. இப்போது சில ஆயிரமே மிச்சம். பணத்துக்காகக் கீயாவின் அலகை அறுத்துக் கொடுத்தவர்கள் பலர் ஏழைப் பண்ணையாட்கள் என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆவோராக்கி மலையை ஹூக்கர் பள்ளத்தாக்கின் தொங்குபாலங்களைக் கடந்து போய்ப் பார்த்தோம். அழகு என்ற சொல் அங்கே போதாது. அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை. மலைக்குக் கீழே பனியாறு உருகிய ஏரி ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டு போகிறது.

கடைசியில் ஃபியோர்ட்லாந்து. 1952-ல் அமைந்த, 12 லட்சம் ஹெக்டேருக்கு மேல் விரிந்த பூங்கா. தே அனாவ் ஏரிக்கரையில் இருக்கும் பறவைக் காப்பிடத்தில் தாக்காஹேவைப் பார்த்தோம். நீலமும் பச்சையும் கலந்த, சிவந்த கனத்த அலகுள்ள, பறக்காத பறவை. 1898-க்குப் பிறகு யாரும் பார்க்காததால் அழிந்துவிட்டதாக எழுதிவிட்டார்கள். 1948-ல் இன்வர்கார்கில் மருத்துவர் ஜெஃப்ரி ஆர்பெல், மர்ச்சிசன் மலைகளில் மறுபடியும் கண்டார். வேலிக்குள் அது புல்லின் அடித்தண்டை ஒரு காலால் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது.

மில்ஃபர்ட் சவுண்டுக்குப் போகும் சாலையில் குளிர்காலத்தில் சக்கரத்துக்குச் சங்கிலி இல்லாமல் விடமாட்டார்கள். பனிச்சரிவு ஆபத்து. சாலையின் முடிவுக்கு முன் ஹோமர் சுரங்கம் வருகிறது. கருங்கல் மலையைக் குடைந்து 1.2 கிலோமீட்டர். சுரங்க வாயிலருகே நிறுத்தி, அங்கே எழுதியிருந்ததைப் படித்தேன். 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில், வேலையற்றோருக்குப் பிழைப்புத் தருவதாகத் தொடங்கிய சாலை. 1935-ல் ஐந்து பேர் கடப்பாரையும் தள்ளுவண்டியுமாகச் சுரங்க வேலையைத் தொடங்கினார்கள். ஆண்டில் பாதி நாள் வெயில் விழாத அந்தப் பள்ளத்தாக்கில் கூடாரத்தில் வாழ்ந்தார்கள். பனிச்சரிவில் சிலர் இறந்தார்கள். 1954-ல்தான் சுரங்கம் திறந்தது.

என் தாத்தாவின் அண்ணன் 1943-ல் ஜப்பானியர் ஆட்சியில் எஸ்டேட்டிலிருந்து சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார். திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் தெரியாது. காஞ்சனபுரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் அந்த ரயில் பாதையின் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பாட்டி ஒருமுறை சொல்லிவிட்டு எழுந்து போனது எனக்கு நினைவிருக்கிறது. ஹோமர் வேலையாட்கள் கூலி வாங்கினார்கள், அடிமைகள் அல்ல. இரண்டும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாயிலில் நிற்கும்போது அந்தப் பெரிய தாத்தாவின் ஞாபகம் வந்தது. சுரங்கத்துக்கு அப்பால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாறைச் சுவர் முழுக்க, பெயரில்லாத நூற்றுக்கணக்கான அருவிகள்.

ஆகஸ்டில் ஊர் திரும்பினேன். படங்களைப் பார்த்துக்கொண்டே வந்த பாட்டி, பெரியவரின் பொறிப் பெட்டியில் நிறுத்தினார். நான் விளக்கினேன். “இதுக்கு அந்தத் தாத்தாவுக்கு எவ்வளவு சம்பளம்?” என்றார். சம்பளம் இல்லை, சும்மாவே செய்கிறார் என்றேன். பாட்டி நம்பவில்லை. சாப்பாடாவது போடுகிறார்களா என்று கேட்டார்.

அடுத்த ஆண்டு தாமான் நெகாராவுக்குப் போனேன். கோல தாஹானில் படகைவிட்டு இறங்கி நடக்கையில், அந்தக் காட்டில் வாழும் பாத்தேக் மக்களின் குடிசைகளைக் கண்டேன். 1930-களின் கடைசியில் ஆங்கிலேயர் அதற்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா என்று பெயர் வைத்தபோது அவர்களிடம் யார் கேட்டிருப்பார்கள் என்று டிராக்டர் அக்கா என் காதருகே நின்று கேட்டதுபோல் இருந்தது. என் கேள்விகளுக்கு அங்கே பதில் சொல்லும் பலகை ஒன்றும் இல்லை. அது இருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

இப்போது ஒரு தமிழ்ப்பள்ளியில் படித்துக் கொடுக்கிறேன். பெரும்பாலான பிள்ளைகள் செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் அதையொட்டிய குடியிருப்புகளிலிருந்தும் வருகிறவர்கள். முடிந்தபோதெல்லாம் அவர்களைக் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப் போவேன். குரங்கையும் கொக்கையும் பார்த்து முடித்த ஒரு பையன் பலகைப் பாதையை உதைத்துப் பார்த்து, “டீச்சர், இத யாரு போட்டது?” என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டே போனோம். கொட்டகையில் ஒரு பாக்சிக், மலாய்ப் பெரியவர், உளுத்த பலகை ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணீரில் எந்த ஆணி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும், எந்த மரம் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று அவர் மலாயில் சொல்ல ஆரம்பித்தார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பேருந்துக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தும், புதுப் பலகையில் ஆளுக்கு ஓர் ஆணி அடிக்காமல் ஒருவனும் எழுந்திருக்கவில்லை.